ஒன் டன் வண்டியும் மாமாவோட புடவைக் கண்ணும்

போன ஞாயித்துக்கிழமை காலைல ஆறரை மணிக்கு போன். வாரம் பூரா ஆணி புடுங்கிட்டு ஒரு நாள் தூங்கலாம்னு பாத்தா விடமாட்டாங்களேனு எடுத்தா, காஞ்சிபுரம் மாமா. "மாப்ள, நீ இஞ்சினியர்தானே? கிளம்பி வா. ஒரு வண்டி பாக்கணும்."

நான் படிச்சது எலக்ட்ரானிக்ஸ், பாக்கறது சாஃப்ட்வேர் வேலைனு எத்தனை தடவை சொன்னாலும் மாமாவுக்கு அது ஒரு பொருட்டே இல்ல. இஞ்சினியர்னா எஞ்சின் தெரியணும். அவ்வளவுதான் :-)

மாமா பிள்ளையார்பாளையத்துல முப்பது வருஷமா தறி ஓட்டுறவர். சமீபத்துல ரெண்டு தறியில ஒண்ணை வித்துட்டார். அந்தப் பணமும், சேத்து வச்சதும் சேர்த்து மூணே கால் லட்சம் கையில இருக்கு. அதை வச்சு ஒரு பழைய மிலிட்டரி வண்டி வாங்கறேன்னு நிக்கறார். அத்தை என்கிட்ட தனியா, "நீ சொன்னாதான்டா கேப்பாரு, எப்படியாவது வேணாம்னு சொல்லிடு"ன்னாங்க. ஆக, நான் போனது வண்டி பாக்க இல்ல, பஞ்சாயத்துக்கு.

ஏன் அந்த வண்டின்னு சொல்லணும்னா கொஞ்சம் கொசுவத்தி சுத்தணும். எங்க தாத்தா, அதாவது மாமாவோட அப்பா, 1962 சீனப் போர் முடிஞ்ச கையோட 1963-ல பட்டாளத்துல சேந்தவர். பெங்களூர் ஏ.எஸ்.சி. சென்டர்ல ட்ரெயினிங், அப்புறம் பதினஞ்சு வருஷம் டிரைவர். 1978-ல ரிட்டயர். அவர் ஓட்டினதுல அவருக்குப் பிடிச்சது "ஒன் டன்"னு சொல்ற வண்டி. வீட்ல ஒரு கருப்பு வெள்ளை போட்டோ இருக்கு. தாத்தா பானட்டு மேல கை வச்சு நிக்கறார், பின்னாடி பென்சில்ல "அகர்தலா, நவம்பர் 71". மாமா சின்ன வயசுல அந்த போட்டோவைப் பாத்தே வளந்தவர். அதே மாதிரி வண்டி ஒண்ணு ஒரிக்கை பக்கம் ஒரு ஷெட்ல விலைக்கு நிக்குதுன்னா மனுஷன் சும்மா இருப்பாரா?

சரி, வண்டிக்கு வருவோம்.

பாத்த உடனே எனக்கே கொஞ்சம் ஆசை வந்துடுச்சு, பொய் சொல்லக்கூடாது. உயரமா, மூக்கு நீண்டு, பின்னாடி திறந்த தொட்டி, நாலு பெரிய டயர். ஆலிவ் பச்சை பெயின்ட் பளபளன்னு இருக்கு. முன்னாடி புதுசா இரும்பு பம்பர், வின்ச், மேல நாலு லைட்டு. விக்கிறவர் ஆரம்பிச்சார்: "சார், இது அமெரிக்கன் டாட்ஜ். ரெண்டாம் உலகப் போர் வண்டி. இந்தியாவுலயே பத்து இருந்தா ஜாஸ்தி." விலை நாலரை லட்சம். மாமா முகத்துல வெளிச்சம்.

இந்த 'டாட்ஜ்' கதை முழுப் பொய்யும் இல்ல, முழு உண்மையும் இல்ல. அதான் இந்தப் பதிவே.

உலகப் போர் சமயத்துல அமெரிக்காவுல டாட்ஜ் கம்பெனி பட்டாளத்துக்காக டபிள்யூ.சி. வரிசைனு நாலு சக்கரமும் இழுக்கிற லாரிகளை லட்சக்கணக்குல செஞ்சு தள்ளுச்சு. 1942-ல இருந்து வந்த முக்கால் டன் மாடல்தான் அதுல பிரபலம். அந்த வண்டிகள் நம்ம ஊருக்கும் வந்தது. அஸ்ஸாம்ல லெடோவிலிருந்து பர்மா வழியா சீனாவுக்கு ரோடு போட்டாங்க இல்லையா, 1942 டிசம்பர்ல ஆரம்பிச்சு 1945 ஜனவரியில சீனா வரைக்கும் வழி திறந்த ரோடு, அங்க அமெரிக்க லாரிகள்தான் எல்லாமே. போர் முடிஞ்சதும் இதையெல்லாம் கப்பல்ல திருப்பி ஏத்த அவங்களுக்குக் கட்டுபடியாகல. உபரிச் சாமான் நம்ம அரசாங்கத்துக்குக் கைமாறி ஏலத்துக்கு வந்துச்சு. பழைய ஆளுங்க 'டிஸ்போசல் வண்டி'னு சொல்றது இதைத்தான். அதே டபிள்யூ.சி.யைக் கொஞ்சம் மாத்தி 1946-ல 'பவர் வேகன்'னு பொதுமக்களுக்கு டாட்ஜ் வித்தாங்க. உலகம் பூரா பழைய லாரி பைத்தியங்கள் இன்னிக்கும் தேடுறது அதைத்தான்.

ஆனா எங்க முன்னாடி நின்னது அது இல்ல. எனக்கு எப்படித் தெரியும்? முதல் விஷயம், ஸ்டியரிங். அமெரிக்கப் பட்டாளத்து டாட்ஜுக்கு அது இடது பக்கம் இருக்கும். இதுல வலது பக்கம், அதுவும் பின்னாடி யாரும் மாத்தின அடையாளமே இல்லாம. ரெண்டாவது, நான் கொண்டு போன ஸ்பேனர் செட்டு. நட்டு போல்ட்டு எல்லாம் மில்லிமீட்டர் கணக்கு. டாட்ஜா இருந்தா இஞ்ச் கணக்குல இருக்கணும். அப்போ இது எந்த ஊர்?

ஜப்பான். அப்புறம் ஜபல்பூர்.

கதை சுவாரசியமா போறது இங்கதான். உலகப் போர்ல தோத்து, ஜப்பான் கார் கம்பெனிகள் எல்லாம் படுத்துக் கிடந்த நேரம். 1950-ல கொரியப் போர் வந்துச்சு. அமெரிக்காவுக்குப் பக்கத்துலயே லாரி வேணும். டொயோட்டா, நிசான் ரெண்டுக்கும் ஆர்டர் கொட்டுச்சு. டொயோட்டா திவாலாகிற நிலைமையிலிருந்து எழுந்ததே அந்த ஆர்டராலதான். அதே 1950-ல ஜப்பான்ல 'தேசிய போலீஸ் ரிசர்வ்'னு ஒரு படை அமைச்சாங்க, இன்னிக்கு இருக்கிற தற்காப்புப் படைக்கு அதுதான் ஆரம்பம். அவங்களுக்கும் ஜீப்பு, லாரி வேணும். 1951-ல நிசான் ரெண்டு வண்டி செஞ்சுது. ஒண்ணு வில்லிஸ் ஜீப் மாதிரி, அதுதான் பின்னாடி 'பெட்ரோல்' ஆச்சு (குடிக்கிற... சாரி, ஊத்துற பெட்ரோல் இல்ல, ரோந்து). இன்னொண்ணு டாட்ஜ் முக்கால் டன்னைப் பாத்துச் செஞ்ச 'கேரியர்'. எஞ்சின் கதை இன்னும் தமாஷ்: 1930-கள் நடுவுல அமெரிக்காவோட கிரஹாம்-பெய்ஜ் கம்பெனிகிட்ட இருந்து நிசான் வாங்கின டிசைன்ல பொறந்த ஆறு சிலிண்டர்தான் அந்த முதல் வண்டிகள்ல. நம்ம பாஷைல சொன்னா, அமெரிக்கா எழுதின கோடை ஜப்பான் ஃபோர்க் பண்ணிட்டாங்க.

அது இந்தியா வந்தது வி.கே. கிருஷ்ண மேனன் காலத்துல. 1957-லிருந்து 1962 வரைக்கும் அவர் பாதுகாப்பு மந்திரி. பட்டாளத்துக்கு வேண்டியதை இங்கயே செய்யணும்னு நின்னவர். ஜெர்மனியோட மான் கம்பெனி கூட ஒப்பந்தம் போட்டு 1959-ல 'சக்திமான்' லாரி ஜபல்பூர்ல வெளிவந்தது. அந்த வரிசையில அடுத்து நிசானோட ஒன் டன் கேரியர், அப்புறம் பெட்ரோல் ஜீப். படைத்தளவாட ஆலைகள்ல காபி போடுற மிஷின் செய்யறாங்கன்னு மேனனைக் கிண்டல் பண்ணாங்க. 1962 தோல்வியில பதவியும் போச்சு. ஆனா அவர் போட்ட லாரித் திட்டங்கள் அவர் போனப்புறமும் பல பத்து வருஷம் ஓடுச்சு. முதல்ல 1904-லயே ஆரம்பிச்ச துப்பாக்கி வண்டித் தொழிற்சாலையில, அப்புறம் 1969-ல இதுக்காகவே கட்டின ஜபல்பூர் வாகனத் தொழிற்சாலையில. அங்க செஞ்ச பெட்ரோல் ஜீப்புக்குத்தான் 'ஜோங்கா'னு பேரு. ஜபல்பூர் ஆர்ட்னன்ஸ், கன் கேரேஜ், அசெம்ப்ளி, முதல் எழுத்துகளைச் சேத்து வச்சது. தோனி 2019-ல ஒரு பச்சை வண்டி வாங்கி ராஞ்சியில ஓட்டினப்ப பேப்பர்ல எல்லாம் வந்ததே, அந்தக் குடும்பம்தான்.

இதையெல்லாம் ஷெட்ல நின்னுக்கிட்டே சொன்னேன். விக்கிறவர் அசரல. "சரி சார், டாட்ஜ் இல்ல. ஆனா 71 வங்காளப் போர்ல ஓடின வண்டி. ஆவடி ஏலத்துல எடுத்தது, அதுக்கு நான் கேரண்டி." மாமா திரும்பி என்னைப் பாத்தார். அந்தப் பார்வையில 'இதையும் கெடுத்துடாதடா'ன்னு இருந்துச்சு. 71, அகர்தலா, அப்பா. அவர் மனசுல ஓடினது எனக்குத் தெரியாதா?

இந்த இடத்துல மாமாவைப் பத்தி ஒரு விஷயம். புடவை பாக்கறதுல அவர் எமன். எந்தப் புடவையைக் குடுத்தாலும் முதல்ல உடம்பைப் பாக்கமாட்டார், திருப்பிப் போடுவார். முன்பக்கம் எல்லாரும் அழகாத்தான் காட்டுவாங்க, தறிக்காரன் எப்படி நெஞ்சான்னு பின்பக்கம்தான் சொல்லும்பார். ஜரிகையில ஒரு இழையை உருவி நகத்தால சுரண்டுவார். உள்ள சிவப்புப் பட்டு நூல் தெரியணும். வெள்ளிக் கம்பியைத் தட்டையாக்கி, பட்டு நூல்ல சுத்தி, மேல தங்கம் பூசினதுதான் அசல் ஜரிகை. அப்புறம் கோர்வை. உடம்பு ஒரு நிறம், கரை ஒரு நிறம், ரெண்டும் சேர்ற இடத்தை இழுத்துப் பாப்பார். ஒழுங்கா கோத்திருந்தா உடம்பு கிழிஞ்சாலும் கரை பிரியாது.

"மாமா, புடவையா இருந்தா என்ன பண்ணுவீங்க?"ன்னேன்.

ஒரு நிமிஷம் பேசாம இருந்தார். அப்புறம் வேட்டியை மடிச்சுக் கட்டிக்கிட்டு, "டார்ச் இருக்கா?"ன்னு கேட்டார். ரெண்டு பேரும் வண்டிக்கு அடியில போயாச்சு.

முதல்ல சுரண்டல். பின்பக்கக் கதவு ஓரத்துல, விக்கிறவர் ஒத்துக்கிட்டப்புறம், சாவியால கொஞ்சம் பெயின்டைச் சுரண்டினோம். மேல புதுப் பச்சை, அடியில பட்டி, அதுக்கு அடியில ஒரு பழுப்பு, அதுக்கும் கீழ பழைய பட்டாளத்துப் பச்சை. அதுல வெள்ளையில மேல பாத்த ஒரு அம்புக்குறி, பக்கத்துல ரெண்டு எண், ஒரு எழுத்து. எனக்குக் கைலாசநாதர் கோயில்தான் ஞாபகம் வந்துச்சு. ராஜசிம்ம பல்லவன் கட்டினது. பின்னாடி வந்தவங்க மணற்கல் மேல சுதை பூசி மெழுகிட்டாங்க. 1931-ல ழுவோ துப்ராய்ங்கிற பிரெஞ்சுக்காரர்தான் அந்தப் பூச்சுக்கு அடியில பல்லவர் காலத்து ஓவியம் இருக்குன்னு கண்டுபிடிச்சார். நம்ம ஊர்ல எதையுமே மேல் பூச்சை வச்சு நம்பக்கூடாது போல.

அந்த அம்புக்குறி என்னன்னா, பட்டாள வண்டி நம்பர் அப்படித்தான் ஆரம்பிக்கும். வெள்ளைக்காரன் காலத்து வழக்கம். அம்புக்கு அடுத்த ரெண்டு எண் வண்டியைப் பட்டாளம் எடுத்த வருஷம். அப்புறம் வகையைக் குறிக்கிற எழுத்து, வரிசை எண், கடைசியா ஒரு எழுத்து. டார்ச் அடிச்சுப் பாத்தோம்.

79.

தாத்தா ரிட்டயர் ஆனது 78. இந்த வண்டி ஜபல்பூர்ல இருந்து வெளிய வந்தப்ப அவர் பிள்ளையார்பாளையத்துல தறிக்குழியில கால் விட்டு உக்காந்துட்டார். நான் ஒண்ணும் சொல்லல. மாமாவே அந்த எண்ணை விரலால ஒரு தடவை தடவிட்டு, "சரி, அடுத்தது பாரு"ன்னார்.

அடுத்தது எஞ்சின். அசல்ல இதுல இருந்திருக்க வேண்டியது நிசானோட 'பி' எஞ்சின்: ஆறு சிலிண்டர், 3956 சி.சி., பெட்ரோல். பட்டாளத்துக்குப் பெட்ரோல் கணக்கு இல்ல, நமக்கு உண்டு. அதனால ஏலத்துல எடுக்கறவங்க பெரும்பாலும் முதல்ல செய்யற வேலை டீசலுக்கு மாத்தறது. இதுல உக்காந்திருந்தது டாடா 407-ஓட நாலு சிலிண்டர் டீசல். நல்ல எஞ்சின்தான், 1986-ல 407 வந்ததிலிருந்து ஊர் பூரா மெக்கானிக்குக்கும் அத்துப்படி. பிரச்சினை எஞ்சின் இல்ல, அதைச் சேத்த விதம். கோர்வை!

நான் கவனிச்சது மூணு.

ஒண்ணு, பிரேக். பெட்ரோல் எஞ்சின்ல காத்து உள்ள போற வழியை த்ராட்டில் அடைக்கறதால அங்க ஒரு வெற்றிடம் உண்டாகும். பிரேக் பூஸ்டர் அந்த உறிஞ்சலை வச்சுத்தான் நம்ம காலுக்கு உதவி பண்ணும். டீசல்ல அப்படி த்ராட்டில் அடைப்பு கிடையாது, உறிஞ்சலும் கிடையாது. அதனால தனியா ஒரு வேக்குவம் பம்ப் வேணும், வழக்கமா ஆல்டர்னேட்டர் பின்னாடி இருக்கும். இந்த வண்டியில பூஸ்டர் இருக்கு, அதுக்குப் போற குழாய் ஒரு போல்ட்டைச் செருகி அடைச்சிருக்கு. அதாவது அவ்வளவு பெரிய இரும்பை வெறும் கால் பலத்தால நிறுத்தணும்.

ரெண்டு, பல் கணக்கு. வேகமா சுத்தற பெட்ரோல் எஞ்சினுக்குத் தகுந்த மாதிரி வச்ச ஆக்ஸில் அப்படியே இருக்கு. டீசல் அவ்வளவு சுத்தாது. மேடு ஏறும், சேறுல போகும், ஆனா பெங்களூர் ஹைவேயில ஏறினா மாட்டு வண்டிகூட ஹார்ன் அடிக்கும்.

மூணாவதுதான் முக்கியம், அதைக் கண்டுபிடிச்சது நான் இல்ல, மாமா. டீசல் எஞ்சினோட ஆயில் சம்ப் இடிச்சிருக்கு. அதுக்காக சேஸிஸோட ரெண்டு நெடுஞ்சட்டத்தையும் சேக்கிற குறுக்குச் சட்டத்தை அறுத்து, நடுவுல வளைச்சு ஒரு தகடு வச்சு வெல்டு பண்ணியிருக்காங்க. வெல்டு ஓரத்துல மயிரிழை மாதிரி ஒரு விரிசல், பக்கத்து நெடுஞ்சட்டத்துல ஏறிப் போகுது. நான் அதைத் துருன்னு நினைச்சுத் தாண்டிட்டேன். மாமா விரல் நகத்தை அதுல வச்சு இழுத்து, "இங்க பாரு, இழை விட்டிருக்கு"ன்னார்.

அப்புறம் காகிதம். ஆர்.சி. புக்ல எரிபொருள் பெட்ரோல்னு இருக்கு. எஞ்சின் நம்பர் ஒத்துப் போகல. சொந்த உபயோக வண்டிக்குப் பதிவு பதினஞ்சு வருஷம்தான், அப்புறம் அஞ்சஞ்சு வருஷமாப் புதுப்பிக்கணும். இது முடிஞ்சு பல வருஷம் ஆச்சு. "சார், வின்டேஜ்னு பதிவு பண்ணிக்கலாம், இப்ப புது சட்டம் வந்திருக்கு"ன்னார் விக்கிறவர். வந்திருக்குதான். 2021 ஜூலையில வந்த விதி. ஐம்பது வருஷம் தாண்டின வண்டிக்கு 'வி.ஏ.'ங்கிற எழுத்தோட தனி நம்பர், புதுப் பதிவுக்குக் கட்டணம் 20,000 ரூபாய். ஆனா அதுலயே ஒரு நிபந்தனை, சேஸிஸ், பாடி, எஞ்சின் எதையும் பெருசா மாத்தியிருக்கக் கூடாது. இந்த வண்டிக்கு ஐம்பது நிறையறது 2029-ல. அப்பவும் எஞ்சின் மாத்தினது மாத்தினதுதான். மோட்டார் வாகனச் சட்டம் 52-ஆவது பிரிவுப்படி எஞ்சின் மாத்த அனுமதி வாங்கியிருக்கணும், அது வாங்கல. கம்பெனி கொடுத்த அமைப்பை இஷ்டத்துக்கு மாத்தின வண்டியைப் பதிவு பண்ண முடியாதுன்னு 2019 ஜனவரியில சுப்ரீம் கோர்ட்டும் சொல்லிடுச்சு. ஆக ஷெட்ல வச்சு அழகு பாக்கலாம், ரோட்ல எடுத்துட்டுப் போக முடியாது.

நான் மனசுக்குள்ள ஒரு நீளமான உரை தயார் பண்ணி வச்சிருந்தேன். சொல்ற தேவையே வரல. மாமா எழுந்து கையைத் துடைச்சுக்கிட்டு விக்கிறவர்கிட்ட, "ஊடை அறுந்தா முடிச்சுப் போட்டுக்கலாம் தம்பி. இது பாவே போயிருக்கு. எனக்கு வேணாம்"ன்னார். கோவமா இல்ல, சாதாரணமா. அந்த ஆளும் பாவம், முகம் சுருங்கிடுச்சு. அவர் வாங்கினப்ப அவர்கிட்டயும் யாரோ இதே டாட்ஜ் கதையைச் சொல்லித்தான் வித்திருக்கணும்.

கிளம்பற முன்னாடி மாமா ஒண்ணு கேட்டார். "மாப்ள, இது எங்கப்பா ஓட்டினது இல்ல, சரி. எங்கப்பா ஓட்டினது என்ன? டாட்ஜா, இதுவா?"

வீட்டுக்கு வந்து போட்டோவை எடுத்து லென்ஸ் வச்சுப் பாத்தோம். ஸ்டியரிங் வலது பக்கம். மூக்கு, கிரில், மட்கார்டு வளைவு எல்லாம் காலைல போன்ல எடுத்த படத்தோட அச்சு அசல் பொருந்துது. ஜபல்பூர் ஒன் டன்தான். தாத்தா ஓட்டினது உலகப் போர் அமெரிக்க வண்டி இல்ல, நம்ம ஊர் ஆளுங்க செஞ்ச வண்டி. மாமாவுக்கு அதுல ஒரு சந்தோஷம், விக்கிறவர் சொன்ன டாட்ஜ் கதையைவிட இது அவருக்குப் பிடிச்சிருந்துச்சு. "நம்ம ஆளு நெஞ்சதுடா"ன்னு அத்தைகிட்ட வேற சொல்லிட்டிருந்தார்.

அத்தை எனக்கு ரெண்டு காஞ்சிபுரம் இட்லி எக்ஸ்ட்ரா வச்சாங்க. ஆனா உண்மையைச் சொல்லணும்னா வேணாம்னு சொன்னது நான் இல்ல. வித்த தறியோட இடம் கூடத்துல இன்னும் காலியாத்தான் கிடக்கு, குழி மட்டும் பலகை போட்டு மூடியிருக்கு. அந்தப் பணத்தை வச்சு மாமா என்ன செய்வார்னு தெரியல. அந்த போட்டோவை மட்டும் பெருசாப் போட்டு ஃப்ரேம் பண்ணிக் குடுன்னு கேட்டிருக்கார். அடுத்த ஞாயித்துக்கிழமை கொண்டு போகணும்.

டிஸ்கி: பழைய மிலிட்டரி வண்டி வாங்கறவங்க யாராவது இருந்தா, எஞ்சின் சத்தத்தைக் கேட்டு மயங்காதீங்க. முதல்ல ஆர்.சி.யையும் சேஸிஸ் நம்பரையும் ஒத்துப் பாருங்க, அப்புறம் டார்ச் எடுத்துக்கிட்டு அடியில போங்க. கூட ஒரு தறிக்காரர் வந்தா இன்னும் நல்லது :-)